எழுத்து வந்தது, பொருள் வந்ததா?

தோழர்களே!

கணக்கு ஒன்றைக் கேளுங்கள். "ஒரு தோட்டத்தில் இன்று 240 கட்டு ரோசா பறித்தனர். இது நேற்றுப் பறித்ததைவிட 30 கட்டுக் குறைவு. நேற்றுப் பறித்தவை எத்தனை கட்டு?"

ரோசாத் தோட்டங்கள் நிறைந்த ஓசூர் வட்டாரத்தில், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இதில் தெரியாத பொருள் எதுவும் இல்லை. தோட்டம் தெரியும், கட்டு தெரியும், பறிப்பவள் தன் தாயாகவும் இருக்கக்கூடும். ஆயினும் பிள்ளைகளில் பலர் 210 என்று விடை எழுதுவர். கழித்தலில் பிழை இல்லை. 240இல் 30 போனால் 210தான். ஆனால் கேட்ட கேள்விக்கு விடை 270! "குறைவு" என்ற சொல் கண்ணில் பட்டது, கை கழித்துவிட்டது. எது எதைவிடக் குறைவு என்று வாக்கியம் சொன்னதைப் பிள்ளை படிக்கவில்லை.

ஆசிரியர் சிவப்பு மையால் தவறு என்று குறிக்கிறார். "இவனுக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். கணக்கா வரவில்லை, தோழர்களே? கணக்கு வந்தது, படிப்புத்தான் வரவில்லை! அந்தப் படிப்பை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? தமிழ்ப் பாடவேளையில் கதையும் செய்யுளும் படிக்கச் சொன்னார்கள். கணக்குப் பாடவேளையில் கணக்கைப் போடச் சொன்னார்கள். கணக்கைப் படிப்பது எப்படி என்று எந்தப் பாடவேளையிலும் எவரும் சொல்லவில்லை.

இதுதான் இன்று நாம் பேசவேண்டிய செய்தி. படிக்கக் கற்பிப்பது தமிழ்ப் பாடவேளையோடு முடிந்துபோகும் வேலை அன்று. கணக்கைப் படிக்க ஒரு முறை உண்டு. அறிவியலைப் படிக்க ஒரு முறை உண்டு. வரலாற்றையும் நிலப்படத்தையும் படிக்க வேறு முறை உண்டு. ஒவ்வொரு பாடத்திலும், அந்தந்தப் பாடத்தைப் படிக்கும் வழியைத் தொடக்கப் பள்ளியிலேயே கற்பித்தாக வேண்டும். கற்பிக்காவிட்டால் இழப்பு யாருக்கு? வீட்டில் புத்தக அலமாரி உள்ளவன் பிள்ளைக்கு அன்று. அவனுக்குத் தந்தை சொல்லிக்கொடுப்பார். தனிப்பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொடுப்பார். இழப்பு, பள்ளியைத் தவிர வேறு கதியற்ற பிள்ளைக்கே!

ஒலி வேறு, பொருள் வேறு

"எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்களே, கேள்விக்கு விடையும் எழுதுகிறார்களே!" என்பார் உளர். நல்லது. அவர்களுக்கு ஒரு வாக்கியம் தருகிறோம்.

"பொவிலன் தறுவையில் குமிணத்தை நுமட்டினான்."

பொவிலன் எதை நுமட்டினான்? குமிணத்தை. எங்கே நுமட்டினான்? தறுவையில். குமிணத்தை நுமட்டியவன் யார்? பொவிலன். மூன்று கேள்விக்கும் மூன்று மதிப்பெண்! குமிணம் என்பது என்ன? தறுவை எங்கே இருக்கிறது? எவருக்கும் தெரியாது, அப்படிச் சொற்களே இல்லை. பொருளே இல்லாத ஒன்றைப் படித்து, முழு மதிப்பெண் பெற்றுவிட்டோம்!

பாடத்தின் பின்பக்க வினாக்களுக்கு நம் பிள்ளைகள் விடை தேடுவதும் பெரும்பாலும் இவ்விதமே. வினாவில் உள்ள சொல் பாடத்தில் எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரியைப் பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். அதற்கும் நேரமில்லையேல் உரைநூல் இருக்கிறது, வினா விடைத் தொகுப்பு இருக்கிறது, மனப்பாடம் இருக்கிறது. குறிப்பேடு நிறைகிறது, தலை நிறையவில்லை.

இது தமிழ்நாட்டில் மட்டும் உள்ள நோய் என்று கருத வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொலோரஸ் டர்கின் என்ற அம்மையார், நான்காம் வகுப்புகளில் அமர்ந்து கவனித்து 1978–79இல் ஆய்வு வெளியிட்டார். வாசிப்புப் பாடவேளைகளில் 4,469 நிமிடங்கள் கவனித்தார். படித்ததன் பொருளை எப்படிப் பிடிப்பது என்று ஆசிரியர்கள் கற்பித்தது எத்தனை நிமிடம்? இருபதே நிமிடம்! கேள்வி கேட்டார்கள், விடையைத் திருத்தினார்கள், தாள்களைக் கொடுத்தார்கள், கற்பிக்கவில்லை. சமூகப் பாட வகுப்புகளிலோ அந்த இருபது நிமிடமும் இல்லை. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை என்றால், ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருசேர நடத்தும் நம் ஈராசிரியர் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். ஊர்ப்புற வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளைச் சோதிக்கும் ஏசர் ஆய்வு, 2022இல் இந்திய அளவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் 42.8 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படித்தனர் என்றது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் பின்விளைவு அது. தமிழ்நாட்டில் அவ்வாண்டு ஏறத்தாழ நால்வரில் ஒருவரே தேறினர். 2024இல் நிலை சற்றே உயர்ந்தது, பாதியை எட்டவில்லை. இதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆய்வு கேட்பது வாய்விட்டுப் படிப்பதை மட்டுமே. படித்தது புரிந்ததா என்று கேட்டிருந்தால் கணக்கு எங்கே போய் நின்றிருக்கும்?

எல்லைப்புறத்துப் பிள்ளை

இனி ஓசூருக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநில எல்லைக் கோடு போடப்பட்டது. கோடு நிலத்தைப் பிரித்தது, நாவைப் பிரிக்கவில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், பேரிகை, சூளகிரி, கெலமங்கலம் என்று எங்கே சென்றாலும் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கக் கேட்கலாம். உருது பேசும் வீடுகள் உண்டு. அஞ்செட்டி மலைப்புறத்தில் இருளர் குடிகள் உண்டு. ஆலைகள் வந்தபின் ஒடியா, இந்தி, வங்காளி, அசாமி பேசும் உழைப்பாளர் குடும்பங்களும் வந்து சேர்ந்தன.

இந்தப் பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசுகிறது. தெருவில் கன்னடம் பேசுகிறது. பள்ளியில் தமிழ் படிக்கிறது. பக்கத்துக் குடியிருப்புத் தோழனோடு இந்தியும் பேசுகிறது. மும்மொழி வேண்டும் என்று தில்லியில் முழங்குவோர் ஓசூருக்கு வந்து பார்க்கட்டும்! சட்டம் இல்லாமல், திட்டம் இல்லாமல் நான்கு மொழிகளை நாவில் சுமக்கிறது ஏழைப் பிள்ளை. அதற்குக் குறைவது மொழிகளின் எண்ணிக்கையா? படிப்பின் ஆழமா? இந்நிலையில், தன் கல்விக் கொள்கைக்கு இசையவில்லை என்பதற்காக 2024–25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. பாடத்தைப் புரிந்து படிக்கத் தவிக்கும் பிள்ளையின் கைப்புத்தகத்தைப் பறித்துக்கொண்டு, இன்னொரு மொழியின் அரிச்சுவடியை நீட்டுவது எந்த நியாயம்?

அதே வேளையில் நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதையும் பேசியாக வேண்டும். தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தமிழ் கற்கவேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சிறுபான்மை மொழிப் பெற்றோர் விலக்குக் கேட்டு நின்றார்கள். வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. அவர்கள் தமிழ்ப் பகைவர்களா? இல்லை. தமிழைப் படிக்கும் வழியைப் பிள்ளைக்குக் காட்டாமல் தேர்வை மட்டும் முன்னே வைத்தோமே, அந்த அச்சமே அவர்களை நீதிமன்றப் படியேற்றியது.

வழி இல்லையா? இருக்கிறது. பாடநூலில் "நீர்" என்று அச்சிட்டிருக்கிறது. தமிழ் வீட்டுப் பிள்ளை பேச்சில் "தண்ணி" என்கிறது. கன்னட வீட்டுப் பிள்ளையோ "நீரு" என்கிறது. தெலுங்கு வீட்டுப் பிள்ளை "நீள்ளு" என்கிறது. நூலின் சொல்லுக்கு எவர் வீடு அருகே இருக்கிறது? நூலின் "ஊர்" இருவருக்கும் "ஊரு". நூலின் "மனை" கன்னடப் பிள்ளைக்கு "மனெ". நூலின் "இல்லம்" தெலுங்குப் பிள்ளைக்கு "இல்லு". பிள்ளை கொண்டுவரும் சொல்லைக் குற்றமாகக் கருதாமல் கைப்பிடியாகக் கருதும் ஆசிரியர், ஒரு பக்கத்தில் பத்துக் கதவுகளைத் திறந்துவிடுவார். "வீட்டு மொழியை வகுப்பில் பேசாதே" என்று அதட்டும் ஆசிரியரோ, திறந்திருந்த கதவையும் சாத்திவிடுவார். முதலாமவர்தான் தமிழுக்குத் தொண்டு செய்பவர்.

அரைப்படிப்பின் வரலாறு

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் இராசாசி. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நாடு மறக்கவில்லை. பள்ளியில் அரைநாள், எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகு என்றது அத்திட்டம். இடப் பற்றாக்குறை என்றனர். பணப் பற்றாக்குறை என்றனர். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டு மக்கள் எதிர்த்தார்கள். 1954இல் ஆட்சி மாறியது, காமராசர் முதலமைச்சரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அதன்பின் நாம் நெடுந்தொலைவு வந்திருக்கிறோம். காமராசர் காலத்தில் பகலுணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. புத்தகம், சீருடை, மிதிவண்டி எல்லாம் வந்தன. ஏழைப் பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொண்டுவந்து சேர்த்தோம். பள்ளிக்குள்ளும் அமரவைத்தோம். பாடப் பக்கத்திற்குள் கொண்டுபோனோமா?

அரைநாள் பள்ளியை எதிர்த்து வென்றவர்கள் அரைப்படிப்பைக் கண்டு வாளாவிருக்கலாமா? முழுநாளும் பள்ளியில் அமர்ந்து, எழுத்தை ஒலியாக்கத் தெரிந்து, பொருளாக்கத் தெரியாமல் வெளியேறும் பிள்ளை எங்கே போகிறது? தந்தை நின்ற இடத்துக்கே போகிறது. சட்டத்தால் திணிக்கப்பட்டால் அது குலக்கல்வி. கவனக்குறைவால் நேர்ந்தால் அதற்கு வேறு பெயரா?

ஆலை வாயிலில் ஒரு தாள்

"கைத்திறன் போதும், ஆலையில் வேலை கிடைக்கும், கணக்கையும் வரலாற்றையும் துருவித் துருவிப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் அறிவாளிகளும் இருக்கிறார்கள். சிப்காட் நிறுவனம் 1971இல் தோன்றியது. ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1984இல் தோன்றிய டைட்டன் நிறுவனம் கடிகார ஆலையை இங்கே அமைத்தது. இன்று மின்னணுக் கருவிகளும் மின்சார இருசக்கர வண்டிகளும் இந்த வட்டாரத்தில் உருவாகின்றன. 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரி, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் மாநிலச் சராசரியான 80 விழுக்காட்டை எட்டாமல் பின்தங்கி நின்றது. ஆலைகள் உயர்ந்த மண்ணில் எழுத்தறிவு தாழ்ந்து நின்றது, தோழர்களே!

அந்த ஆலை வாயிலில் பதினெட்டு வயது இளைஞன் கையில் ஒரு தாள் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பயிற்சிக் காலம் முடிந்தபின், நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு, பணி நிலைப்படுத்தல் பரிசீலிக்கப்படலாம்" என்பது போன்ற வாக்கியம் அதில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவன் கண்ணில் "பணி நிலைப்படுத்தல்" என்பது மட்டும் பளிச்சிடுகிறது. மகிழ்ந்து கையெழுத்திடுகிறான். பொருள் பிடித்துப் படிப்பவன் "உட்பட்டு" என்ற சொல்லில் நிற்பான். "படலாம்" என்ற இறுதியில் மீண்டும் நிற்பான். தருவதாகச் சொல்வது போலத் தோன்றி எதையும் தராத வாக்கியம் இது என்று அறிவான். நான்காம் வகுப்பில் "குறைவு" என்ற சொல்லில் நிற்கப் பழகாதவன், பதினெட்டாம் வயதில் "உட்பட்டு" என்ற சொல்லில் எப்படி நிற்பான்?

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், ஆலையின் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் பலகையில் வைக்கவேண்டும் என்று விதித்தது. போராடிப் பெற்ற உரிமைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் பலகையில் இருப்பதைப் பொருளறிந்து படிக்கத் தெரியாதவனுக்குப் பலகை வெறும் பலகையே. 2025 நவம்பர் 21 முதல் 29 பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் வந்து அமர்ந்தன. எது போயிற்று, எது மாறிற்று, எது மிஞ்சிற்று? சங்கத் தலைவர் ஒருவர் மட்டும் படித்துச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் கூட்டமாகவா நம் தொழிலாளர் இருக்க வேண்டும்? ஒவ்வொருவரும் படித்து, ஒவ்வொருவரும் கேள்வி கேட்கும் படையாக வேண்டாமா?

சொல்லப்படும் சாக்குகள்

"படிக்கக் கற்பிப்பது தமிழாசிரியர் வேலை" என்பது முதல் சாக்கு. தொடக்கப் பள்ளியில் தமிழாசிரியர் யார், கணக்காசிரியர் யார்? பெரும்பாலான பள்ளிகளில் இருவரும் ஒருவரே! பத்து மணிக்குத் தமிழ் நடத்தியவரே பதினொரு மணிக்குக் கணக்கு நடத்துகிறார். சுவர் ஆசிரியர்களுக்கு இடையே இல்லை; கால அட்டவணையில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேலேதான் பாடத்துக்கு ஓர் ஆசிரியர். அதற்குள் பிள்ளை இந்தப் பழக்கத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

"பாடப்பகுதியை முடிக்கவே நேரமில்லை" என்பது இரண்டாம் சாக்கு. யாருக்கு முடிகிறது பாடப்பகுதி? ஆசிரியருக்கு முடிகிறது, பிள்ளைக்குத் தொடங்கவே இல்லை. புரியாமல் முடித்த பத்துப் பாடத்தைவிட, புரிந்து படித்த ஆறு பாடம் மேலன்றோ? படிக்கும் வழி கற்ற பிள்ளை ஏழாம் பாடத்தைத் தானே படித்துக்கொள்ளும்.

"இதெல்லாம் புதிய மேல்நாட்டு மோகம்" என்பது மூன்றாம் சாக்கு. பிரிட்டனில் புல்லக் குழு 1975இல், மொழி என்பது பள்ளியின் எல்லா ஆசிரியர்களின் பொறுப்பு என்று அறிக்கை தந்தது உண்மைதான். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், அறிவியல் வகுப்பும் கணக்கு வகுப்பும் மொழி வகுப்புகளே என்று ஏற்றது. 2015 முதல் கல்வியியல் பட்டப் படிப்பில் இதற்கென்று தனித் தாளே வைத்தார்கள். அந்தத் தாளையும் வினா விடைத் தொகுப்பை மனப்பாடம் செய்தே தேறிவிடுகிற விந்தையை எங்கே போய்ச் சொல்வது!

ஆனால் மேல்நாட்டாருக்கு முன்பே நம்மிடம் இந்த அறிவு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பாயிரத்தில் கற்கும் முறையை வகுக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் கிட்டுவது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு கலந்து பேசுவதால் இன்னொரு காற்பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கருத்து. அமெரிக்காவில் பாலின்சார், பிரௌன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட முறையும் இதற்கு உறவே. பிள்ளைகள் சிறு குழுவாக அமர்ந்து, முறை வைத்து ஆசிரியர் இடத்தை ஏற்று, நான்கு செயல்கள் செய்வார்கள்: இனி என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி எழுப்புவது, விளங்காத இடத்தை விளக்கிக்கொள்வது, சுருக்கிச் சொல்வது. நன்னூல் பிறந்த நாட்டில் பிள்ளைகளை வாய்பொத்தி உட்காரவைத்துவிட்டு, இதை மேல்நாட்டு மோகம் என்பதா?

செய்ய வேண்டியது என்ன?

கணக்குப் பாடத்தில், எண்ணைத் தொடும் முன் கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். யார், எதை, எதைவிட என்று கேளுங்கள். படம் போடச் சொல்லுங்கள். அதன்பின் கூட்டலா கழித்தலா என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். கணக்கில் சொற்கள் வேறு பொருள் பெறுவதையும் காட்டுங்கள். "தொகுதி" என்றால் நமக்குத் தேர்தல் நினைவு வரும்; பின்னத்தில் அது மேலே நிற்கும் எண். "பகுதி" என்றால் நமக்கு ஊரின் ஒரு பாகம். பின்னத்தில் அது கீழே நிற்கும் எண். பெரியவர்களே தடுமாறும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை தடுமாறுவது குற்றமா?

அறிவியலிலும் இவ்வாறே. எட்டு மணி நேரம் ஒரு சுவரைத் தள்ளி வியர்த்தாலும், சுவர் நகராவிடில் அறிவியல் நூலின்படி "வேலை" நடக்கவில்லை! கூலிக்கு உழைப்பவன் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டுத் திகைக்காமல் என்ன செய்யும்? ஊர்ச் சொல்லாக ஒன்று, பாடச் சொல்லாக ஒன்று என்று இருபுறமும் எழுதிப் பழக்குங்கள். "ஏனெனில்", "ஆகவே", "எனினும்" என்ற சிறு சொற்களில் நிறுத்தி, எது காரணம், எது விளைவு என்று கேளுங்கள். படத்தையும் அதன் அம்புக்குறிகளையும் வரியோடு சேர்த்துப் படிக்கச் செய்யுங்கள்.

சமூக அறிவியலில் தென்பெண்ணையைப் பற்றி ஒரு பத்தி வருகிறது என்று கொள்வோம். கருநாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஓசூர் அருகே தமிழ்நாட்டில் புகுந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. இதை மனப்பாடம் செய்ய வைப்பதால் என்ன பயன்? ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, விரலை நிலப்படத்தில் நகர்த்தச் சொல்லுங்கள். "இப்போது ஆறு எங்கே வந்திருக்கிறது? அடுத்து எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். முடிவில் நான்கு வாக்கியத்தில் சுருக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையே ஒரு கேள்வி எழுதட்டும். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது ஏன் என்று அது கேட்குமானால், அந்தப் பிள்ளை படிக்கக் கற்றுவிட்டது என்று பொருள்!

இதற்கு மாளிகை வேண்டாம், கணினி வேண்டாம். ஒவ்வொரு பாடவேளையிலும் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும்.

2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையறிந்து கற்பிக்க முற்பட்டது. முதல் மூன்று வகுப்பில் தொடங்கி, மறு கல்வியாண்டில் நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. எழுத்தறிமுகத்திற்கு அது நல்ல அடித்தளம். ஆனால் அடித்தளம் வீடாகிவிடாது. பாடநூலில் அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியே பிரியும் மூன்றாம் வகுப்பு முதல், பாடந்தோறும் படிப்பு முறை கற்பிக்கப்பட வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் பாடவாரியாகப் படிப்பு முறை இடம்பெற வேண்டும். தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் பாடநூலில் இல்லாத ஒரு புதிய பத்தியைக் கொடுத்துக் கேட்க வேண்டும். மனப்பாடத்தின் முதுகெலும்பு அங்கே முறியும். எல்லைப்புறப் பள்ளிகளில் பிள்ளையின் வீட்டு மொழி அறிந்த ஆசிரியர் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர் பிள்ளைகளைப் பெயருக்குச் சேர்த்து மூலையில் அமர்த்தாமல், தமிழுக்குள் அழைத்துவரத் தனி நேரம் ஒதுக்க வேண்டும்.

தோழரின் கடமை

அரசைக் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? நம் இயக்கங்கள் வளர்ந்தது எங்கே என்று எண்ணிப் பாருங்கள். படிப்பகங்களில், தேநீர்க் கடைகளில், முடிதிருத்தும் நிலையங்களில்! ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். "நிறுத்து, அதென்ன அது?" என்பார் ஒருவர். "அப்படியானால் நாளைக்கு அமைச்சர் என்ன சொல்வார் பார்" என்பார் இன்னொருவர். "ஆக, மொத்தத்தில் சொல்வது இதுதான்" என்று முடிப்பார் மூன்றாமவர். ஊகித்தல், வினவுதல், விளக்குதல், சுருக்குதல் என்று ஆய்வாளர் வகுத்த நான்கும் அந்தப் பலகை விசுப்பலகையில் நாள்தோறும் நடந்தன. பள்ளிப்படி மிதிக்காதவரும் அங்கே படித்தார்கள், அரசியல் கற்றார்கள், ஆட்சிகளை மாற்றினார்கள். அந்தக் கலை நமக்குப் புதிதன்று. அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோவதுதான் புதிது.

ஓசூர்ப் பேட்டைகளின் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சூளகிரி, தளிச் சிற்றூர்களிலும் உள்ள படிப்பகங்களை மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பள்ளிப் பாடநூலையே விரியுங்கள். கணக்கைக் கதையாகக் கேளுங்கள்; ஆற்றை விரலால் தொடரச் சொல்லுங்கள்; தெலுங்கில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும் காது கொடுங்கள்; தமிழில் எழுதப் பழக்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோராக அமருங்கள். "எத்தனை பேர் தேறினர்?" என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். "அறிவியல் பாடத்தைத் தானே படித்துச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?" என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவரின் தொகையைக் கூட்டினோம்; அது முதல் வெற்றி. எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிந்து இடுவோரின் தொகையைக் கூட்டுவது அடுத்த போர். அந்தப் போரின் முதற்களம் மூன்றாம் வகுப்பின் கணக்குப் பாடவேளை. களம் சிறிதென்று கருதி எவரும் விலகி நிற்க வேண்டாம். புறப்படுங்கள், தோழர்களே!